சேற்றைக் கழுவும் முன்: பிக்கப் முகாம் பொருட்களைச் சோதித்து மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காலத்தில் மலையோர ரப்பர் தோட்டங்களுக்குள் பிக்கப் வண்டியோடு போய்க் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள் செய்யும் முதல் வேலை, குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ கண்ணில் படும் வாட்டர் சர்வீஸுக்குள் வண்டியைத் திருப்புவதுதான். அரை மணி நேரத்தில் வண்டி பளபளத்துவிடும். எந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது, எந்தப் பட்டை தளர்ந்தது, எந்தத் தையல் ஒழுகியது என்பதற்கான தடயங்களும் சேற்றோடு சாக்கடைக்குப் போய்விடும். அடுத்த பயணத்தில் அதே பெட்டிக்குள் அதே தண்ணீர் புகும்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் பார்ப்பது, பிறகு கழுவுவது, பிறகு சோதிப்பது, கடைசியில்தான் எதை வைத்துக்கொள்வது, எதைத் தைப்பது, எதைத் தூக்கி எறிவது என்ற முடிவு. பொலிரோ கேம்பரோ, இசுசு டி-மேக்ஸோ, ஹைலக்ஸோ, எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முகாம் பொருட்களுக்கு நேரும் பாடு கொஞ்சம் கூடுதல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. பொருட்கள் முழுதாகக் காய்வதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. மலையடிவாரத்துச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். துணியில் ஏறினால் இறங்காது. போதாக்குறைக்குக் கடலும் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் பேச்சிப்பாறை அருகே சேற்றில் நின்ற வண்டி மாலையில் முட்டத்து உப்புக்காற்றில் நிற்க முடியும். சேறும் உப்பும் ஒரே இடுக்கில் சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்?

முகாம் போடும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதும் தங்குவதும் குற்றம். இங்கே நான் பேசுவது தனியார் தோட்டங்களில், உரிமையாளரின் சம்மதத்தோடு போடும் முகாம்களைப் பற்றி.

படி 1: குழாயைத் தொடாமல் ஒரு சுற்று

வண்டியை முற்றத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு பழைய தார்ப்பாயை விரியுங்கள். எதையும் இறக்குவதற்கு முன் நான்கு பக்கமும், பின்கதவைத் திறந்த நிலையிலும், போனில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து உள்பக்கத்தைப் படம் எடுங்கள். கால் மணி நேர வேலைதான்.

இப்போது சேற்றைப் படியுங்கள். பெட்டியின் உள்சுவரில் செந்நிறக் கோடு ஒன்று கிடைமட்டமாக ஓடினால், அந்த உயரம்வரை தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. நீர் புகுந்த வழி பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். மூடியின் உள்விளிம்பில் மட்டும் புள்ளி புள்ளியாகச் சேறு தெறித்திருந்தால் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது, அல்லது பூட்டு மூடியைச் சரியாக அழுத்தவில்லை. பொருள் முழுவதும் மெல்லிய செம்படலம் என்றால் பின்கதவு இடுக்கு வழியாக நீர்த்திவலை உள்ளே இழுக்கப்படுகிறது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்த இழுப்பில் சக்கரம் வீசும் சேறு திரும்பி வந்து பின்கதவைச் சுற்றி அப்பும். பெட்டியை மாற்றினால் இது தீராது. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.

சேறு எங்கே இல்லை என்பதையும் பாருங்கள். எல்லா இடமும் சிவந்து கிடக்கையில் ஓரிடம் மட்டும் பளபளவென்று இருந்தால், அங்கே இரண்டு பொருள்கள் வழி நெடுக உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. கேஸ் சிலிண்டரின் கழுத்து, தண்ணீர் கேனின் மூலை, கூடாரப் பையின் அடிப்பக்கம் ஆகிய மூன்றும் வழக்கமாக மாட்டும் இடங்கள்.

ஒரு எச்சரிக்கை: நம்மூர்ச் செம்மண்ணும் துருவும் ஏறக்குறைய ஒரே நிறம். கேரியர் சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தால் அந்த வெடிப்பிலிருந்து பழுப்புக் கோடு வழியும். சேற்றுக்கு நடுவே அது கண்ணில் படாது. ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு வெல்டிங் மூட்டையும் துடையுங்கள். துடைத்த பிறகும் கோடு அதே இடத்தில் இருந்தால் அது மண் அல்ல.

பொருட்களைத் தார்ப்பாயில் இறக்கும்போது பயன்படுத்தியவை ஒரு பக்கம், தொடவே தொடாதவை மறுபக்கம். தேவைப்பட்டும் கையில் இல்லாமல் போனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அன்றே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் போனால் மனம் எல்லாவற்றையும் நல்ல பயணமாக மாற்றிவிடும்.

படி 2: கைக்கு உறை

கழுவத் தொடங்கும் முன் ரப்பர் கையுறையும் பூட்ஸும் போடுங்கள். எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் உள்ள சிறு கீறல் அதற்குப் போதும். பயணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், சேற்றில் நின்ற விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கூடாரத்தின் மடிப்புகளிலும் ஷூவின் நாக்குக்கு அடியிலும் இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி ஒளிந்திருக்கும். உதறிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 3: வண்டியை இழுத்த பொருட்கள்

மற்ற பொருட்கள் கெட்டால் தூக்கம் கெடும். இவை கெட்டால் உயிர் போகும். அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டிய பகுதி இது.

புதைந்த வண்டியைக் கட்டி இழுக்கும் டோ பெல்ட்டில் இரண்டு ஜாதி உண்டு. நைலானில் செய்த இழுவைக் கயிறு நன்றாக நீளும்; நீண்டு சுருங்கும் விசையில்தான் புதைந்த வண்டியைப் பிடுங்கும். பாலியெஸ்டர் பட்டை அதிகம் நீளாது; நிதானமாக இழுப்பதற்கும் மரத்தில் சுற்றிக் கட்டுவதற்கும் அது சரி. நைலான் தண்ணீர் குடித்தால் வலிமையில் ஒரு பங்கை இழக்கும். காய்ந்ததும் திரும்பப் பெறும். சேற்றில் கலந்த மணல் செய்யும் சேதம் அப்படித் திரும்புவதில்லை. நாருக்குள் புகுந்த மணல் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளேயிருந்து நாரை அறுக்கும். வெளியே பார்த்தால் பட்டை புதிதுபோல் இருக்கும்.

ஆகவே பெரிய வாளியில் ஊறப்போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிளீச்சிங், சலவைத்தூள் எதுவும் வேண்டாம். நிழலில் காயப்போடுங்கள். காய்ந்த பிறகு முழு நீளத்தையும் அங்குலம் அங்குலமாக மடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் விறைப்பாக, கண்ணாடிபோல் மினுங்கினால் அங்கே உராய்வின் சூட்டில் நார் உருகியிருக்கிறது. ஓரத்தில் வெட்டு இருந்தால் பேச்சே இல்லை. அந்தப் பட்டையின் வேலை முடிந்தது. தைத்துப் பயன்படுத்தலாமே என்று சொல்லும் நண்பரை இழுக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் பாருங்கள், நிற்கமாட்டார். வெட்டு விழுந்த பட்டையைத் துண்டாக்கிவிட்டுப் போடுங்கள். முழுசாக வைத்தால் யாராவது ஒருநாள் எடுத்துக் கட்டிவிடுவார்கள்.

பட்டையை வண்டியில் மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிளின் ஆணியைக் கையாலேயே திருகி உள்ளே விட முடிய வேண்டும். பாதியில் முறுக்கிக்கொண்டால் மரையில் மண் இருக்கலாம். கழுவியும் முறுக்கினால் வளைந்திருக்கிறது. உடலில் பொறித்திருக்கும் எடையைப் பாருங்கள். முக்கால் அங்குல ஷாக்கிளுக்கு வழக்கமாக 4.75 டன் என்று இருக்கும். அது பாதுகாப்பாகத் தாங்கும் எடை. எந்த எண்ணும் பொறிக்காத ஷாக்கிளை ஹார்டுவேர் கடையில் மலிவாகத் தருவார்கள். அது கொடிமரத்துக்குச் சரி, வண்டிக்கு வேண்டாம். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுத்திருந்தால் அந்தப் பழக்கத்தை அன்றோடு விட்டுவிடுங்கள். உருண்டை உடைந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். பல நாடுகளில் அப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) இருந்தால் கயிற்றை முழுவதும் வெளியே விட்டுக் கழுவ வேண்டும். மேல் சுற்றை மட்டும் கழுவினால் உள்சுற்றுகளில் சேறு ஊறிக் கிடக்கும். இரும்புக் கம்பியில் கம்பியிழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஓரிடத்தில் முறுக்கு மடிந்து நின்றாலோ மாற்றுங்கள். செயற்கை நார்க் கயிறென்றால் பஞ்சுபோல் லேசாகப் பிசிறடிப்பது இயல்பு. ஓரிடத்தில் மட்டும் தடிமன் குறைந்திருப்பது இயல்பல்ல. திரும்பச் சுற்றும்போது லேசான பாரத்தோடு, ஒரு சரிவில் வண்டியே தன்னை மெதுவாக இழுத்துக்கொள்ளும்படி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய கயிறு அடுத்த இழுப்பில் அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும்.

மரத்தில் கட்டும் பட்டையில் ரப்பர் பால் ஒட்டியிருந்தால், பால் வெட்டும் மரத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். தோட்டக்காரருக்கு அந்த மரப்பட்டைதான் சோறு. அயினியோ தேக்கோ பலாவோ பக்கத்தில் இல்லாத தோட்டம் நம் பக்கத்தில் அபூர்வம். அதைத் தேடிக் கட்டுங்கள். ஒட்டிய பால் உறைந்த பிறகு விரலால் உருட்டினால் பெரும்பாலும் உரிந்து வரும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்காதீர்கள்.

சேற்றில் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பலகைகளில் பற்கள் உருகி மழுங்கியிருந்தால் குறை பலகையில் மட்டும் இல்லை. சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றபோது ஆக்ஸிலேட்டரை விடாமல் மிதித்ததன் விளைவு அது.

படி 4: கழுவும் முறை

வாட்டர் சர்வீஸ் குழாயின் அழுத்தம் வண்டியின் அடிப்பாகத்துக்கும் சக்கரக் குழிக்கும் நல்லது. கூடாரம், வின்ச் மோட்டார், ஒயர் இணைப்புகள், ரேடியேட்டர் ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. கூடாரத் துணியின் பூச்சையும் தையல் மேல் ஒட்டிய பட்டையையும் அந்த அழுத்தம் உரித்துவிடும். ரேடியேட்டருக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீர் போதும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக அடித்தால் சேறு வந்த வழியே வெளியேறும்.

துணிப் பொருட்களில் கட்டியாக இருக்கும் சேற்றை ஈரத்தோடு தேய்த்தால் நிறம் நாருக்குள் ஏறும். அதைக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, மிருதுவான பிரஷ்ஷால் துடைத்த பிறகு தண்ணீர் காட்டுங்கள். செம்மண் கறையைப் போக்க பிளீச்சிங் திரவம் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. குளோரின் பட்டால் இரும்புக் கறை இன்னும் இறுகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஊறவைத்துக் கழுவினால் பருத்தித் துணியில் ஓரளவு போகும். கூடாரத்தின் பூச்சுத் துணியில் அதுவும் வேண்டாம்; கறை இருந்துவிட்டுப் போகட்டும், அது ஒழுகாது.

படி 5: கூடாரம்

காலையில் எழுந்தபோது உள்ளே ஈரம் இருந்ததா? இருந்திருந்தால் அது ஒழுகலா, வேர்வையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் மழைக்கால இரவில் காற்றே ஈரத்தில் தோய்ந்திருக்கும். இரண்டு பேர் விடும் மூச்சு மேல்துணியில் பட்டு நீராகித் தலையில் சொட்டும். கூரை முழுவதும் சமமாக முத்து முத்தாக ஈரம் என்றால் அது வேர்வை. கூடாரத்தில் கோளாறு இல்லை, காற்றோட்டத்தில்தான் கோளாறு. தையல் ஓரமாகக் கோடுபோல் ஈரம், அல்லது ஒரு மூலையில் மட்டும் குளம் என்றால் ஒழுகல். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல கூடாரத்தை விற்றுவிட்டுப் புதியது வாங்கி, அதிலும் நனைந்தவர்கள் உண்டு.

மேல்துணி மழையில் நனைந்து கருத்துப் போவதும் ஒழுகல் ஆகாது. வெளிப்புறத்தில் தண்ணீரை உருண்டோடச் செய்யும் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்தால் திரும்ப வரும். தண்ணீரைத் தடுப்பது உள்பக்கத்துப் பூச்சு. அதன் வலிமையை மில்லிமீட்டரில் குறிப்பார்கள்: 2000 என்றால் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைத் தாங்கும். கூரைக்கு அது போதும். நீங்கள் முழங்காலூன்றி அழுத்தும் தரைத்துணிக்கு 3000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

உள்பூச்சை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்தால் பாலியூரத்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்துகொண்டிருக்கிறது. வெள்ளைச் செதில்களாக உதிர்ந்தால் சிதைந்தே விட்டது. அதை மீட்க முடியாது. வெக்கையும் ஈரமுமான இடத்தில் இறுக்கமாகச் சுருட்டி வைத்தால் இந்தச் சிதைவு வேகமாக வரும். நாகர்கோவில் வீட்டுப் பரண் அதற்கு மிகப் பொருத்தமான இடம். கூடாரத்தை அதன் சொந்தப் பைக்குள் திணிக்காமல் பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வைத்தால் அதன் ஆயுள் நீளும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: கூடாரத்தை மொட்டைமாடியில் போட்டு, உள்ளே தரை முழுவதும் செய்தித்தாளை விரியுங்கள். வெளியேயிருந்து குழாயால் மெல்லிய மழைபோல் கால் மணி நேரம் தெளியுங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தாளில் எந்த இடம் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே உள்ள தையலில் குறை இருக்கும். சாய்ந்த துணியில் நீர் கொஞ்சம் வழிந்து வந்து சொட்டும் என்பதால் மேல்நோக்கிச் சற்றுத் தேட வேண்டியிருக்கும். தையல் பட்டை உரிந்திருந்தால் முழுவதும் பிய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, சீலர் பூசுங்கள். சிலிக்கான் பூச்சுத் துணிக்குச் சிலிக்கான் சீலர்தான் பிடிக்கும். பாலியூரத்தேன் சீலர் அதில் ஒட்டாது.

ஜிப்பை மண் இருக்கும்போது இழுக்காதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தண்ணீர் விட்டுப் பல்வரிசையைத் தேய்த்த பிறகே நகர்த்துங்கள். மூடிய பிறகும் பின்னால் பிளந்துகொண்டு வந்தால் பற்கள் நன்றாகவே இருக்கும். இழுக்கும் ஓடம் தேய்ந்து அகன்றிருக்கும். குறட்டால் அதன் இரண்டு பக்கத்தையும் மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். மூன்றாவது முறையும் பிளந்தால் ஓடத்தை மட்டும் மாற்றித் தரத் தெரிந்த பைக் கடைக்காரரிடம் கொடுங்கள். முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கம்பிகள் கண்ணாடி நாரால் ஆனவை என்றால், ஒரு பழைய நைலான் காலுறையை அவற்றின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் பிளவு தொடங்கியிருக்கிறது. வெறும் கையால் தடவினால் சிலாம்பு ஏறும்.

வண்டிக்கு மேலே விரியும் கூடாரமானால் மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று போக வழியில்லை. இதற்கென்று வெளிநாட்டு விரிப்புகள் நல்ல விலைக்கு விற்கின்றன. மெல்லிய கயிற்றுப் பாய் ஒன்றை வெட்டிப் போட்டால் அதே வேலையைச் செய்யும்; தென்னை நார் ஈரத்தைக் கண்டு எளிதில் மக்காது.

அடுத்தது காயவைப்பது. மழைக்காலத்தில் இதற்கு விடை மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை மேற்குத் தாலுகாக்களான விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மழை விடாமல் தூறும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலையைத் தாண்டி வரும் காற்று ஈரத்தை இழந்து பலமாக வீசும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். அந்தப் பக்கம் தெரிந்தவர் வீட்டு மாடி கிடைத்தால் சில மணி நேரத்தில் கூடாரம் மொறமொறவென்று காய்ந்துவிடும். நான்கு மூலையிலும் கல் வையுங்கள், இல்லையேல் கூடாரத்தைத் திருநெல்வேலி மாவட்டத்தில் போய்த் தேட வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வழி பலிக்காது. அப்போது வீட்டுக்குள் கயிறு கட்டி மின்விசிறியைப் போடுவதுதான் கதி. ஈரத் துணியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் நல்ல வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கடற்கரையில் மட்டும் காயப்போடாதீர்கள். துணியில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

படி 6: படுக்கை

இதில் சொல்ல அதிகம் இல்லை. இறகு நிரப்பிய தூக்கப்பை நனைந்தால் கட்டிப்போய்ச் சூட்டை இழக்கும். நம் மலையடிவாரத்தில் அதற்குத் தேவையும் இல்லை. ஒரு பருத்திப் போர்வையும் கொசுவலையும் போதும். காற்று நிரப்பும் மெத்தையை ஊதி, மேலே எடை வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் தொங்கிப்போயிருந்தால் சோப்புநீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் குறியுங்கள்.

படி 7: அடுப்பும் கேஸும்

பர்னர் துளைகளில் சேறு அடைத்தால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரியாகும். மெல்லிய ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்து, நீலச் சுடர் வருகிறதா என்று வெளியில் வைத்துப் பாருங்கள். கூடாரத்துக்குள் சோதிக்க வேண்டாம். முழுமையாக எரியாத சுடரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

குழாயும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் சோப்புநீர் தடவுங்கள். குமிழி வந்தால் உள்ளேயுள்ள ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். படி 1-இல் சிலிண்டரின் கழுத்தில் உரசல் பார்த்திருந்தால், அது நின்ற இடத்தை மாற்ற வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பிக்கப்பின் தளத்தில் பெட்டிகளுக்கு நடுவே தேங்கி நிற்கும். பின்தளத்தின் மேல் மூடிய கேனோப்பி (கூண்டு) போட்ட வண்டிகளுக்கு இது பெரிய ஆபத்து. சிறு கேஸ் குப்பிகளில் வாயைச் சுற்றித் துரு பிடித்திருந்தால் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் பெட்டியில் வைத்துச் சுமக்காதீர்கள்.

சமையல் ஏற்பாட்டை மதிப்பிட என்னுடைய அளவுகோல் ஒன்றுதான்: கொட்டும் மழையில் ஒரு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) போட எத்தனை பெட்டிகளைத் திறக்க வேண்டியிருந்தது? ஒன்று என்றால் அடுக்கு சரி. மூன்று என்றால் எவ்வளவு விலை கொடுத்த இழுப்பறையானாலும் அது அலங்காரம். மரச்சீனிக் கிழங்கு அவிக்க ஒரு பாத்திரம், மீன் குழம்புக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்று. அதற்கு மேல் போன பாத்திரங்கள் பெரும்பாலும் தொடாத பக்கத்தில்தான் கிடக்கும்.

படி 8: பேட்டரி, விளக்கு, ஒயர்

தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்ட விளக்கின் மேல் அச்சிட்ட ஐ.பி. எண்ணைப் பாருங்கள். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது. 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தால் எண் எதுவானாலும் அடைப்பு விட்டுவிட்டது.

ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் உப்பும் ஈரமும் வேலை செய்கின்றன. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள். பச்சை ஒயருக்குள்ளேயே ஏறியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டிப் புதிதாக இணைப்பதுதான் வழி.

முகாம் விளக்குகளுக்கென்று வண்டியில் வைத்த இரண்டாவது பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மீட்டரில் அளவிடுங்கள். ஈய-அமில பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் கிட்டத்தட்ட காலி. அந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகடுகள் கெடும். லித்தியம் பேட்டரியில் வோல்ட்டை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது. நடுவே வெகுநேரம் ஒரே அளவில் நின்று கடைசியில் சட்டென்று விழும். லித்தியம் பவர் ஸ்டேஷன் தண்ணீரில் முங்கியிருந்தால் காய்ந்துவிட்டதே என்று சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே வைத்து, சர்வீஸ் மையத்தைக் கேளுங்கள்.

படி 9: கேரியரும் டயரும்

போல்ட்டுகளுக்கு ஒரு மலிவான தந்திரம் உண்டு. இறுக்கிய பிறகு, போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். பயணம் முடிந்து கோடு உடைந்து விலகி நின்றால் அந்த போல்ட் சுழன்றிருக்கிறது. ஒரே போல்ட் ஒவ்வொரு முறையும் விலகினால் நைலான் பூட்டு நட்டு போடுங்கள். இறுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை.

வண்டியின் கையேட்டில் கூரை தாங்கும் எடை என்று ஒரு எண் இருக்கும். அது ஓடும் வண்டிக்கானது. மேடுபள்ளத்தில் அதையும் விடக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா என்று உள்பக்கமும் பாருங்கள்; நூல் தெரிந்தால் ஒட்டுப்போட முடியாது. சேற்றுக்காகக் காற்றை இறக்கியிருந்தால் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே மண் புகுந்து மெல்லக் காற்று இறங்கலாம். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கினால், அலைன்மென்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் சக்கர வளையத்தின் உள்பக்கம் அப்பியிருக்கும் சேற்றைச் சுரண்டுங்கள். பலருக்கு நடுக்கம் அதோடு நின்றுவிடும். ஓடையில் அச்சு முங்க ஓட்டியிருந்தால் டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

படி 10: எது இருக்கும், எது போகும்

எல்லாம் காய்ந்து, சோதித்து முடிந்த பிறகு, பயணத்துக்கு ஏற்றியதுபோலவே மறுபடி வண்டியில் ஏற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் எடைமேடைக்குப் போங்கள். லாரிகள் நிற்காத நேரம் பார்த்து முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. மொத்தத்திலிருந்து முன் எடையைக் கழித்தால் பின்னச்சின் எடை. கையேட்டில் உள்ள எண்களோடு ஒப்பிட்டால், சேற்றில் வண்டியின் பின்பக்கம் ஏன் அப்படிப் புதைந்தது என்று பெரும்பாலும் அங்கேயே விளங்கிவிடும்.

இப்போது தொடாத பக்கத்துக்கு வாருங்கள். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஜாக்கி, டோ பெல்ட் ஆகியவற்றைத் தொடாமல் திரும்பியதற்கு மகிழுங்கள். அவை வண்டியிலேயே இருக்கட்டும். மற்றவற்றில், மழையிலும் தேவைப்படாத பொருள் வெயிலில் தேவைப்படப்போவதில்லை. மடக்கு மேசை, இரண்டாவது கூலர், மூன்றாவது விளக்கு என்று தொடங்கும் இந்தப் பட்டியலில் உணர்ச்சிவசப்படாதீர்கள். கனமான தொடாத பொருள்தான் முதலில் போக வேண்டும்.

தைக்க வேண்டியவை தனி. தார்ப்பாயில் கயிறு கோக்கும் வளையமான ஐலெட் பிய்ந்ததையும் பை வார் அறுந்ததையும் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடைகளில் கொடுங்கள். முகாம் பொருள் விற்கும் கடைகளைவிட அவர்கள் தையல் கெட்டி. மார்த்தாண்டத்தில் எனக்குத் தைத்துத் தரும் பெரியவர், கிழிந்த ஐலெட்டைப் பார்த்ததுமே, “மக்களே, கயிற்றை விறைப்பாகக் கட்டினால் தார்ப்பாய்தான் கிழியும், காற்று கிழியாது” என்பார். ஐலெட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டச் சொன்னதும் அவர்தான். அதற்குப் பிறகு ஐலெட் பிய்ந்ததில்லை.

தேவைப்பட்டும் இல்லாமல் போனவற்றின் தாளை வைத்துக்கொண்டு உடனே கடைக்கு ஓடாதீர்கள். அடுத்த பயணத்துக்குப் பிறகும் அதே பொருள் தாளில் ஏறினால் வாங்குங்கள். விதிவிலக்கு, இழுவைப் பொருட்கள் மட்டும். எறிந்த பட்டைக்குப் பதில் புதியது வராமல் வண்டி மலையேறக் கூடாது.

ஒரு வாரம் கழித்து எல்லாப் பெட்டிகளையும் இன்னொரு முறை திறந்து முகர்ந்து பாருங்கள். முட நாற்றம் அடிக்கும் பெட்டியில் எங்கோ ஈரம் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் பையின் வார் மடிப்பிலோ மூடியின் ரப்பர் பட்டைக்கு அடியிலோதான் இருக்கும். பிக்கப் தளத்தின் வடிகால் துளைகளில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். கழுவிய பிறகும் உள்ளே தங்கிய செம்மண் இதற்குள் காய்ந்து இறுகி அடைத்திருக்கும்.